எடிட்டரில் கோப்பு வெறுமையாகத் திறந்தால்: பாதைச் சிக்கல்களைக் கண்டறிய ஓர் அறிமுகம்

நேற்று மாலை வரை முந்நூறு வரிகள் இருந்த கோப்பை இன்று காலையில் விம் என்ற எடிட்டரில் (உரைக்கோப்புகளைத் திருத்தும் நிரல்) திறக்கிறீர்கள். திரையில் ஓர் எழுத்துகூட இல்லை. இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ~ என்ற நெளிகோடு மட்டும் வரிசையாக நிற்கிறது. கட்டளைவரியில் வேலை பழகத் தொடங்கும் எவருக்கும் இந்தக் காட்சி ஒருமுறையாவது வாய்க்கும். கோப்பு அழிந்துவிட்டது என்றுதான் மனம் முதலில் பதறும். அநேகமாக அது அழிந்திருக்காது. நீங்கள் சொன்ன இடத்தில் எடிட்டர் போய்ப் பார்த்திருக்கிறது, அங்கே அந்தப் பெயரில் எதுவும் இல்லை, ஆகவே புதிதாக ஒன்றை எழுதப் போகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு வெற்றுத்தாளை நீட்டியிருக்கிறது. திரையின் கடைசி வரியைப் பாருங்கள்: கோப்பின் பெயருக்கு அருகே சதுர அடைப்புக்குள் 'நியூ' என்றோ, பழைய பதிப்பாக இருந்தால் 'நியூ ஃபைல்' என்றோ எழுதியிருக்கும். நானோ எடிட்டரும் அதையே அடியில் காட்டும். ஆனால் சில விசைகளைத் தட்டியதும் அந்தச் செய்தி மறைந்துவிடுவதால் பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

பாதைச் சிக்கல்களில் பெரும்பகுதி பிழைச்செய்தி எதுவுமின்றி வருவதற்குக் காரணமும் இதுதான். கோப்பில் உள்ளதைத் திரையில் காட்டும் 'கேட்' கட்டளைக்கு இல்லாத கோப்பின் பெயரைக் கொடுத்தால், அப்படியொரு கோப்பு இல்லை என்று உடனே மறுத்துவிடும். எடிட்டர் அப்படி மறுக்க முடியாது, ஏனென்றால் இல்லாத கோப்பை உண்டாக்குவதும் அதன் வேலைகளில் ஒன்று. தவறான பாதைக்கும் புதிய கோப்புக்கான விருப்பத்துக்கும் வேறுபாடு காண அதனிடம் வழியில்லை. ஆகவே கோப்பைக் காணோம் என்று தோன்றியவுடன் கேட்க வேண்டிய கேள்வி 'கோப்பு எங்கே போயிற்று' என்பதன்று. 'எடிட்டர் இப்போது எந்த முழுப்பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது' என்பதே. இந்தக் கட்டுரையில் வரும் எல்லாச் சிக்கலும் அந்தக் கேள்விக்கு விடை தேடுவதிலேயே தீர்கின்றன.

படிக்கத் தொடங்குமுன் ஒரு குறிப்பு. கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன்; விசைப்பலகையில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும். எடுத்துக்காட்டுக் கோப்புகளுக்குத் தமிழ்ப் பெயர்களையே வைத்திருக்கிறேன். லினக்ஸில் அவை அப்படியே செல்லும். பெயருக்குப் பின்னொட்டு இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் அங்கே இல்லை.

எங்கிருந்து பார்க்கிறோம்

ஒரு வீட்டுக்கு வழி சொல்ல இரண்டு முறைகள் உண்டு. ஊர், தெரு, கதவு எண் என்று முழு முகவரியைச் சொல்லலாம். கேட்பவர் எங்கே நின்றாலும் அது மாறாது. 'இடப்பக்கம் மூன்றாவது வீடு' என்றும் சொல்லலாம். இது சுருக்கமானது, ஆனால் கேட்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்து வெவ்வேறு வீட்டுக்குக் கொண்டுபோய்விடும். கோப்புப் பாதைகளும் இவ்வாறே இரண்டு வகை. / என்ற சாய்கோட்டில் தொடங்குவது முழுப்பாதை: /ஹோம்/கயல்/கணக்கு/ஏப்ரல் என்பது எங்கிருந்து சொன்னாலும் ஒரே கோப்புதான். சாய்கோடு இல்லாமல் தொடங்குவது சார்புப்பாதை: கணக்கு/ஏப்ரல் என்றால் 'இப்போது நான் நிற்கும் கோப்புறையில் உள்ள கணக்கு என்ற கோப்புறைக்குள் இருக்கும் ஏப்ரல்' என்று பொருள். ஒற்றைப் புள்ளி நிற்கும் இடத்தையும், இரட்டைப் புள்ளி அதற்கு மேலுள்ள கோப்புறையையும் குறிக்கும்.

'இப்போது நான் நிற்கும் கோப்புறை' என்பதற்கு நடப்புக் கோப்புறை என்று பெயர். அதைக் காட்டும் கட்டளை பி.டபிள்யூ.டி. நம்மூரில் அந்த மூன்றெழுத்தைக் கேட்டால் பொதுப்பணித்துறைதான் நினைவுக்கு வரும். இங்கே அது நடப்புக் கோப்புறையை அச்சிட்டுக் காட்டு என்பதன் சுருக்கம். கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் சாளரத்தை மூடித் திறந்தால் நடப்புக் கோப்புறை பெரும்பாலும் உங்கள் பெயரில் கணினி ஒதுக்கிய வீட்டுக் கோப்புறைக்குத் திரும்பிவிடும். நேற்று கணக்கு கோப்புறைக்குள் நின்று 'விம் ஏப்ரல்' என்று தட்டியவர், இன்று புதிய சாளரத்தில் அதே சொற்களைத் தட்டும்போது /ஹோம்/கயல் என்ற இடத்தில் நிற்கிறார். தட்டிய சொற்கள் ஒன்றே, சுட்டிய கோப்பு வேறு. மேலே சொன்ன வெற்றுத்திரைக்கு நான் பார்த்தவரை மிக அடிக்கடி வரும் காரணம் இதுதான்.

வெற்றுத்திரையைவிட அதற்குப் பிறகு நடப்பதுதான் தொல்லை. போனது போகட்டும் என்று நினைவிலிருந்து பத்து வரிகளை எழுதிச் சேமித்துவிட்டால், ஏப்ரல் என்ற பெயரில் இப்போது இரண்டு கோப்புகள் இரண்டு இடங்களில் இருக்கும். அடுத்த வாரம் எது மெய், எது நகல் என்று தெரியாது. ஐயம் வந்தவுடன் எடிட்டரைச் சேமிக்காமல் மூடிவிட்டு, 'ஃபைண்ட் ~ -நேம் ஏப்ரல்' என்று வீட்டுக் கோப்புறை முழுவதும் தேடுவது நல்லது. விடையாக வரும் ஒவ்வொரு முழுப்பாதையையும் கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்.எஸ் -எல்' கட்டளைக்குக் கொடுத்தால் அளவும் கடைசியாக மாற்றிய நேரமும் தெரியும்; முந்நூறு வரிக் கோப்பு எது என்பதை அளவே காட்டிக்கொடுத்துவிடும்.

எடிட்டருக்கும் ஒரு நிற்குமிடம் உண்டு

நடப்புக் கோப்புறை என்பது கணினி முழுவதற்கும் பொதுவான ஒன்றன்று. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) தனித்தனியாக ஒன்றைக் குறித்துவைத்திருக்கிறது. நீங்கள் தட்டும் கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரலான ஷெல்லிலிருந்து ஒரு நிரலைத் தொடங்கும்போது, அந்தக் கணத்தில் ஷெல் நிற்கும் இடமே அந்த நிரலுக்கும் தொடக்க இடமாகிறது. அதற்குப் பின் இருவரும் தனித்தனி. லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸை உருவாக்கியவர்களே இந்த நுணுக்கத்தில் ஒருமுறை இடறியிருக்கிறார்கள். ஷெல் ஒவ்வொரு கட்டளையையும் தனி நிரலாகப் பிரித்து ஓட்டும் முறையைக் கொண்டுவந்ததும், கோப்புறை மாற்றும் கட்டளை திடீரென்று வேலை செய்யாமல் போயிற்று என்று அவர்களுள் ஒருவரான டென்னிஸ் ரிட்சி எழுதியிருக்கிறார். பிரிந்து ஓடிய நிரல் தன் இடத்தை ஒழுங்காகத்தான் மாற்றிக்கொண்டது. ஆனால் அடுத்த கணமே அது முடிந்துபோக, ஷெல் நின்ற இடத்திலேயே நின்றது. அதனால்தான் 'சி.டி' என்பது இன்றளவும் தனி நிரலாக இல்லாமல் ஷெல்லின் உள்ளேயே இருக்கும் கட்டளையாக இருக்கிறது.

விம்முக்குள்ளும் இதே கதை நடக்கும். எடிட்டரை விட்டு வெளியேறாமல் ஷெல் கட்டளைகளை ஓட்ட முக்காற்புள்ளியும் ஆச்சரியக்குறியும் சேர்ந்த :! பயன்படும் என்று கற்றுக்கொண்ட புதியவர், ':!சி.டி கணக்கு' என்று தட்டிவிட்டு, தான் இடம் மாறிவிட்டதாக நம்புகிறார். அந்தக் கட்டளைக்காகத் தொடங்கிய தற்காலிக ஷெல்தான் இடம் மாறியது, அதுவும் உடனே மறைந்துபோயிற்று, விம் அசையவில்லை. விம்மையே நகர்த்த ஆச்சரியக்குறி இல்லாமல் ':சி.டி கணக்கு' என்று சொல்ல வேண்டும். அப்படி நகர்த்தினாலும் விம்மை மூடியதும் உங்கள் ஷெல் பழைய இடத்திலேயேதான் இருக்கும். ஷெல்லின் இடத்தை வைத்து விம்மின் இடத்தை ஊகிப்பதை விட்டுவிட்டு ':பி.டபிள்யூ.டி' என்று விம்மிடமே கேட்பது பாதுகாப்பு.

திறந்திருக்கும் கோப்பின் முழுப்பாதையை அறிய விம்மில் நான் நாள்தோறும் பயன்படுத்தும் சிறு வழி ஒன்று உண்டு. சாதாரண நிலையில் (உரை எழுதாமல் கட்டளைகளை ஏற்கும் நிலை) 1 என்ற எண்ணைத் தட்டிவிட்டு, கன்ட்ரோல் விசையோடு ஜி-யை அழுத்தினால், / தொடங்கி முழுப்பாதையும் அடியில் தோன்றும். எண்ணில்லாமல் கன்ட்ரோல்-ஜி மட்டும் அழுத்தினால் சுருக்கமான பெயரே கிடைக்கும். நாம் ஏமாறுவது அந்தச் சுருக்கத்தில்தான். நானோவின் மேல்வரியில் நீங்கள் கொடுத்த பெயர் மட்டுமே நிற்கும். அங்கே கன்ட்ரோல்-ஓ அழுத்தி, எந்தப் பெயரில் எழுதுவது என்று அது கேட்கும்போது கன்ட்ரோல்-டி (டெர்மினல் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து) அழுத்தினால் கோப்பு உலாவி திறக்கும். அதன் மேல்வரியில் எந்தக் கோப்புறையில் இருக்கிறீர்கள் என்பது முழுதாகத் தெரியும். பார்த்துவிட்டு கன்ட்ரோல்-சி அழுத்தி விலகிவிடலாம்.

விம்மில் சேமிக்கும் கட்டளை ':டபிள்யூ'. ':டபிள்யூ மே' என்று வேறு பெயரில் எழுதுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஏப்ரல் என்ற கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு அப்படித் தட்டினால், மே என்ற பெயரில் ஒரு நகல் எழுதப்படும்; ஆனால் நீங்கள் தொடர்ந்து திருத்திக்கொண்டிருப்பது ஏப்ரலைத்தான். அடுத்த ':டபிள்யூ' ஏப்ரலின் மேல் விழும். புதிய பெயருக்கே மாறிக்கொள்ள ':சேவ்ஆஸ் மே' என்று சொல்ல வேண்டும். அலுவலக மென்பொருள்களில் பழகிய கைக்கு இந்த வேறுபாடு பிடிபடச் சில நாட்கள் ஆகும்.

கோப்பு இல்லை என்பதும் கோப்புறை இல்லை என்பதும்

கோப்பு இல்லாவிட்டால் எடிட்டர் உருவாக்கித் தரும். கோப்புறை இல்லாவிட்டால் தானாக உருவாக்காது. /ஹோம்/கயல்/கணக்கு இருந்து, அதற்குள் 2024 என்ற கோப்புறை இல்லாத நிலையில் 'விம் கணக்கு/2024/ஏப்ரல்' என்று தட்டினால், விம் அப்போதும் முகம் சுளிக்காமல் வெற்றுத்தாளைத் திறக்கும். ஆனால் கடைசி வரியில் இம்முறை 'நியூ' என்பதோடு 'டைரக்டரி' என்ற சொல்லும் பெரிய எழுத்தில் இருக்கும். அதைக் கவனிக்காமல் ஒரு மணி நேரம் எழுதிவிட்டு ':டபிள்யூ' தட்டும்போதுதான் இ212 என்ற பிழை எண்ணோடு, கோப்பை எழுதுவதற்காகத் திறக்க முடியவில்லை என்ற செய்தி வரும். எழுதியது போய்விடுமோ என்று அஞ்சத் தேவையில்லை; எடிட்டரை மூடாதவரை அது நினைவகத்தில் இருக்கிறது. விம்முக்குள்ளிருந்தே ':!எம்.கே.டிர் -பி %:எச்' என்று தட்டுங்கள். இதில் % என்பது திறந்திருக்கும் கோப்பின் பெயர்; அதையடுத்து வரும் :எச் அந்தப் பெயரிலிருந்து கடைசித் துண்டை நீக்கிக் கோப்புறைப் பகுதியை மட்டும் தரும்; -பி (பி.டபிள்யூ.டி-யின் முதல் எழுத்து) என்பது இடையில் எத்தனை கோப்புறை குறைந்தாலும் அத்தனையையும் உருவாக்கச் சொல்லும். பிறகு ':டபிள்யூ' தட்டினால் எழுதிவிடும். ஆனால் உருவாக்குமுன் பாதையை ஒருமுறை படித்துப் பாருங்கள். 'கணக்கு' என்பதற்குப் பதில் 'கனக்கு' என்று தட்டியிருந்தால், இந்தக் கட்டளை அந்த எழுத்துப்பிழைக்கும் சேர்த்து ஒரு கோப்புறை கட்டிக்கொடுத்துவிடும்.

கோப்புறை இருந்தும் இதே இ212 வருவதுண்டு. ஒரு டெர்மினலில் நீங்கள் ஒரு கோப்புறைக்குள் நின்றிருக்க, வேறொரு சாளரத்திலோ, கோப்புகளின் பதிப்புகளைக் காக்கும் கிட் என்ற கருவியில் கிளை மாறும்போதோ அந்தக் கோப்புறை நீக்கப்பட்டு, பின்னர் அதே பெயரில் மீண்டும் உருவானால், உங்கள் ஷெல் இன்னும் செத்துப்போன பழைய கோப்புறைக்குள்தான் நிற்கிறது. பி.டபிள்யூ.டி காட்டும் பாதை சரியாகவே தோன்றும், எல்.எஸ் எதையும் காட்டாது. மேலே ஏறி மீண்டும் அதே கோப்புறைக்குள் இறங்கினால் தீர்ந்துவிடும். இது அடிக்கடி நடப்பதன்று; நடக்கும்போது மட்டும் பைத்தியம் பிடித்துவிடும்.

ஷெல் நடுவில் நிற்கிறது

நீங்கள் தட்டும் வரி நேரே எடிட்டரின் கைக்குப் போவதில்லை. ஷெல் அதைப் படித்து, வெட்டி, சில குறிகளுக்குத் தன் பொருளைக் கொடுத்துவிட்டே எடிட்டரிடம் ஒப்படைக்கிறது. இடைவெளி கண்ட இடத்தில் ஷெல் வெட்டும். 'விம் ஏப்ரல் கணக்கு' என்று ஒரே கோப்பை நினைத்துத் தட்டினால், ஏப்ரல், கணக்கு என்று இரண்டு பெயர்கள் எடிட்டருக்குப் போய்ச் சேரும். திருத்த 2 கோப்புகள் இருப்பதாக விம் சொல்வதைக் கண்டால் காரணம் இதுவே. பெயரை மேற்கோள் குறிக்குள் வைப்பதோ, இடைவெளிக்கு முன் \ என்ற பின்சாய்கோட்டை இடுவதோ போதும்.

அந்தப் பின்சாய்கோடுதான் விண்டோஸிலிருந்து வருபவர்களை வீழ்த்துவது. கோப்புறைகளுக்கு நடுவே யுனிக்ஸ் / குறியை வைத்தது; விண்டோஸுக்கு முன்னோடியான எம்.எஸ்.-டாஸின் 1983இல் வந்த 2.0 பதிப்பு கோப்புறைகளை அறிமுகப்படுத்தியபோது, அந்தக் குறி கட்டளைகளின் விருப்பத்தேர்வுகளுக்கு ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்ததால், \ குறியை எடுத்துக்கொண்டது. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல். டெர்மினலில், சி:\யூசர்ஸ்\கயல்\ஏப்ரல் என்ற பாதையை விண்டோஸிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஷெல்லுக்கு \ என்பது 'அடுத்து வரும் எழுத்தை அப்படியே எடுத்துக்கொள்' என்ற சைகை மட்டுமே. ஆகவே மூன்று பின்சாய்கோடுகளும் உதிர்ந்து, சி:யூசர்ஸ்கயல்ஏப்ரல் என்ற ஒற்றைப்பெயர் எடிட்டருக்குப் போகிறது. எடிட்டரும் அந்த நீண்ட பெயரில் நடப்புக் கோப்புறைக்குள் ஒரு புதிய கோப்பைத் திறந்துவைக்கும். அங்கே சி டிரைவின் பாதை /எம்.என்.டி/சி என்று தொடங்கும். பாதையை ஒற்றை மேற்கோளுக்குள் வைத்து 'டபிள்யூ.எஸ்.எல்.பாத்' என்ற கட்டளைக்குக் கொடுத்தால் மாற்றியே தந்துவிடும்.

வீட்டுக் கோப்புறைக்குச் சுருக்கக் குறியான ~ கூட ஷெல் விரித்துத் தருவதே. மேற்கோள் குறிக்குள் வைத்தால் ஷெல் அதை விரிக்காது. "~/கணக்கு" என்று மேற்கோளோடு எம்.கே.டிர் கட்டளைக்குக் கொடுக்கும்போது, ~ என்ற பெயரிலேயே ஒரு கோப்புறை நடப்பு இடத்தில் இருந்தால்தான் அது வேலை செய்யும்; -பி சேர்த்திருந்தால் அப்படியொரு கோப்புறையையே உருவாக்கிவிடும். அந்த வேண்டாத கோப்புறையை நீக்கும்போது மிகுந்த கவனம் தேவை. மேற்கோள் இல்லாமல் ~ என்று தட்டி அழித்தால், அழிவது உங்கள் வீட்டுக் கோப்புறை முழுவதும். ./~ என்று, 'இங்கே உள்ள' என்பதைச் சேர்த்தே குறிப்பிட வேண்டும். சிறுகோட்டில் தொடங்கும் பெயருள்ள கோப்பைத் திறக்கவும் இதே ./ உதவும், இல்லையேல் எடிட்டர் அதை விருப்பத்தேர்வு என்று எண்ணிக்கொள்ளும்.

ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் லினக்ஸுக்கு வேறுவேறு; விண்டோஸும் மேக்கும் இயல்பு நிலையில் அவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே மடிக்கணினியில் திறந்த பாதை சர்வரில் திறக்காமல் போகலாம்.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

தமிழில் கோப்புகளுக்குப் பெயர் வைப்பவர்களுக்கு வாய்க்கும் சிக்கல் ஒன்று உண்டு. அதில் ஒரு மாலைப்பொழுதையே நான் இழந்திருக்கிறேன். பழைய மேக் கணினியிலிருந்து சுருக்கி அனுப்பிய கோப்புகளுள் 'கொள்முதல்' என்று ஒன்று இருந்தது. எல்.எஸ் கட்டளை அதைக் காட்டிற்று. 'விம் கொள்முதல்' என்று தட்டினால் வெற்றுத்தாள். எழுத்துப்பிழை இல்லை, இடைவெளி இல்லை, நிற்கும் இடமும் சரி. பொறுமையிழந்து ஒரு சொல்லை எழுதிச் சேமித்துவிட்டு எல்.எஸ் தட்டினேன், கொள்முதல், கொள்முதல் என்று ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் ஒரே கோப்புறையில் வந்து நின்றன.

ஒகர உயிர்மெய்யின் குறியை யூனிக்கோடில் இரண்டு விதமாக எழுத முடியும் என்பதே காரணம். ொ என்பதை ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரத்தின் ஒற்றைக்கொம்பையும் ஆகாரத்தின் காலையும் அடுத்தடுத்து இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இது பொருந்தும். பழைய மேக் கோப்பமைப்பான எச்.எஃப்.எஸ்.+ பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமிக்கும். நம் விசைப்பலகைகளுள் பல சேர்த்த வடிவில் தட்டும். லினக்ஸுக்கோ கோப்பின் பெயர் என்பது பைட்டுகளின் வரிசை மட்டுமே. எழுத்தின் தோற்றம் அதற்குப் பொருட்டில்லை. யூனிக்கோடு குறியீடுகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகள். ஆகவே சேர்த்து எழுதிய 'கொள்முதல்' 9 குறியீடுகளாக 27 பைட்டுகள். பிரித்து எழுதிய 'கொள்முதல்' 10 குறியீடுகளாக 30 பைட்டுகள். ஐயமிருந்தால், பெயரை 'பிரிண்ட்எஃப்' கட்டளைக்குக் கொடுத்து அதன் விளைவை 'டபிள்யூ.சி -சி' கட்டளைக்கு | குறியால் திருப்பிவிட்டு எண்ணிப் பார்க்கலாம்.

இத்தகைய கோப்பைப் பெயரைத் தட்டித் திறக்க முயல்வது வீண். வேறுபடும் பகுதியைத் தொடாமல், 'விம் *முதல்' என்று உடுக்குறி இட்டால் ஷெல்லே பெயரை நிரப்பித் தரும். அல்லது முதல் எழுத்தான க-வை மட்டும் தட்டி டேப் விசையை அழுத்தலாம். பல கோப்புகள் இப்படி வந்திருந்தால், 'கான்வ்எம்வி' என்ற சிறு நிரல் எல்லாப் பெயர்களையும் சேர்த்த வடிவுக்கு மாற்றிக் கொடுக்கும். ஔகாரத்தில் வேறொரு வலையும் உண்டு: 'கௌரி' என்று எழுத வேண்டிய இடத்தில் கொம்பும் ளகரமும் இட்டு 'கெளரி' என்று தட்டுபவர்கள் ஏராளம். இது வடிவ வேறுபாடு அன்று, எழுத்தே வேறு; எந்த நிரலும் இதைத் தானாகச் சரிசெய்யாது. லினக்ஸில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுகளுக்கு மேல் போக முடியாது என்பதால், தமிழில் 85 குறியீடுகளே எல்லை; புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாகக் கணக்கில் சேரும் என்பதையும் நினைவில் கொண்டால், கட்டுரைத் தலைப்பை முழுதாகக் கோப்பின் பெயராக வைக்கும் ஆசை குறையும்.

வழியில் உள்ள கதவுகள்

பாதை சரியாக இருந்தும் அனுமதி இல்லாமல் போகலாம். கோப்பைப் படிக்க உரிமை இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் / தொடங்கிக் கோப்பு வரை இடையில் வரும் ஒவ்வொரு கோப்புறையையும் கடந்துசெல்லும் உரிமையும் வேண்டும். ஏதேனும் ஒன்றில் அது இல்லையென்றால், அதற்குள் அந்தக் கோப்பு இருக்கிறதா இல்லையா என்பதைக்கூட உங்களால் அறிய முடியாது. எந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்று பார்க்க 'நேம்ஐ -எல்' கட்டளைக்கு முழுப்பாதையைக் கொடுங்கள். பாதையின் ஒவ்வொரு துண்டையும் ஒரு வரியில் வைத்து, அதன் உரிமையாளரையும் அனுமதிகளையும் காட்டி, முடியாத இடத்தில் நின்றுவிடும். இதைப் பற்றிப் பயிற்சிப் பாடங்கள் ஏன் பேசுவதில்லை என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

/இ.டி.சி கோப்புறையில் உள்ள அமைப்புக் கோப்புகளைத் திருத்த நிர்வாக உரிமை வேண்டும். உடனே 'சூடூ விம்' என்று தொடங்குவது வழக்கம். ஆனால் அப்படித் தொடங்கிய எடிட்டருக்குள் ~ என்பது உங்கள் வீட்டுக் கோப்புறையாக இல்லாமல், நிர்வாகியின் /ரூட் கோப்புறையாக இருக்கக்கூடும். அங்கே சேமித்த குறிப்பைப் பிறகு உங்கள் வீட்டுக் கோப்புறையில் தேடினால் கிடைக்காது. 'சூடூஎடிட்' கட்டளை இதைவிட ஒழுங்கானது: கோப்பின் தற்காலிக நகலை உங்கள் பெயரிலேயே திறந்து, எடிட்டரை மூடியபின் மாற்றத்தை உரிய இடத்தில் எழுதும். அதற்குள் இருக்கும்போது முழுப்பாதையைக் கேட்டால் /வார்/டி.எம்.பி போன்ற ஓர் இடத்தைக் காட்டும்; அது பிழையன்று. அதே பெயரில் சேமித்துவிட்டு மூடினால் போதும். வேறு பெயரில் சேமித்தால் மாற்றம் உரிய இடத்துக்குப் போய்ச் சேராது.

திருத்திய கோப்பு மறுநாள் பழையபடி ஆகிவிடுகிறது என்றால், அது வேறொரு கோப்பைச் சுட்டும் வெறும் இணைப்பாக இருக்கலாம். லினக்ஸ் வகையான உபுண்டுவில், தளப்பெயர்களுக்கு உரிய எண்முகவரியைக் கண்டறியும் பெயர்த் தீர்வுக்கான /இ.டி.சி/ரிசால்வ்.கான்ஃப் நல்ல எடுத்துக்காட்டு. எல்.எஸ் -எல் தட்டினால் பெயருக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி, /ரன் கோப்புறைக்குள் உள்ள வேறொரு கோப்பைச் சுட்டும். அந்தக் கோப்பைக் கணினியின் பின்னணிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி தன் போக்கில் எழுதிக்கொண்டே இருக்கும். நீங்கள் எழுதியதை அது மதிக்காது. எந்தக் கோப்பைத் திருத்துவதற்கு முன்பும் 'ரியல்பாத்' கட்டளைக்கு அதன் பெயரைக் கொடுத்தால், எல்லா இணைப்புகளையும் கடந்து இறுதியில் உள்ள மெய்ப்பாதையைச் சொல்லிவிடும்.

விம் சில நேரம் இ325 என்ற எண்ணோடு ஒரு பெரிய எச்சரிக்கையைக் காட்டும்: இந்தக் கோப்புக்கு ஏற்கெனவே ஒரு ஸ்வாப் கோப்பு (திருத்தும்போது விம் வைத்துக்கொள்ளும் தற்காலிகக் கோப்பு) இருக்கிறது என்பது அதன் சாரம். புதியவர்கள் இதைக் கண்டு மிரள்கிறார்கள்; பாதையைத் தேடுபவருக்கோ இது ஒரு தடயம். எந்தக் கோப்பு, எந்தக் கணினி, எந்தப் பயனர், எந்த நாள், எந்த நிரல் எண் என்பதெல்லாம் அந்தச் செய்தியிலேயே இருக்கும். நேற்று எழுதி மூடாமல் விட்ட கோப்பு வேறொரு சாளரத்தில் இன்னும் திறந்திருக்கிறதா என்பதும், சரியான பாதைக்குத்தான் வந்திருக்கிறீர்கள் என்பதும் அதிலிருந்தே தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் பார்த்தும் பிடிபடவில்லை என்றால், பாதையைக் கையால் முழுதாகத் தட்டுவதை நிறுத்திவிட்டு, டேப் விசையைக் கொண்டு துண்டு துண்டாக நடந்துபாருங்கள். 'விம் /ஹோ' என்று தட்டி டேப் அழுத்தினால் /ஹோம்/ ஆகிறது. 'க' தட்டி டேப் அழுத்தினால் /ஹோம்/கயல்/ ஆகிறது. 'கண' தட்டி டேப் அழுத்தினால் ஒன்றும் நிகழாமல் மணி மட்டும் ஒலிக்கிறது என்றால், கடைசிச் சாய்கோடு வரை பாதை சரி. தவறு 'கண' என்பதில்தான். அந்த வரியைக் கன்ட்ரோல்-சி அழுத்தி விட்டுவிட்டு, /ஹோம்/கயல் என்பதை 'எல்.எஸ் -பி' கட்டளைக்குக் கொடுங்கள் (இங்கே பி என்பது ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்து). பெயருக்குள் ஒளிந்திருக்கும் இடைவெளியையும், விண்டோஸிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த வரிமுடிவுக் குறியையும் பின்சாய்கோட்டோடு அது வெளிக்காட்டும். கணக்கு என்ற பெயருக்கு முன்னால் யாரோ தெரியாமல் தட்டிய ஓர் இடைவெளி அங்கே நின்றுகொண்டிருக்கும்.